கொக்கி மேலே எழுவதற்கு முன்பே

கட்டுமானத் தளங்களில் கிரேன் இயக்கும்போது கவனிக்க வேண்டியவை எவை என்று கேட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்கள் சில மாதங்களாகவே சேர்ந்துகொண்டிருந்தன. ஒன்றோடொன்று தொடர்புடைய சில கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். கட்டுமானப் பாதுகாப்புப் பணியில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் விசாரிக்க நேர்ந்த விபத்துகளில் பெரும்பாலானவை கொக்கி மேலே எழுவதற்கு முன்பே முடிவாகிவிட்டவை. எடையை யாரோ குத்துமதிப்பாகச் சொன்னபோதோ, தரையை ஒருவரும் சோதிக்காமல் விட்டபோதோ, "இன்றைக்கே முடித்தாக வேண்டும்" என்று ஒருவர் உத்தரவிட்டபோதோ அவை தொடங்கிவிட்டன.

கேள்வி: எங்கள் தளத்தில் 14 டன் ஹைட்ரா (சுமையோடு நகரும் சிறு கிரேன்) ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அரை மீட்டர் சதுரமும் 8 மீட்டர் நீளமும் கொண்ட கான்கிரீட் தூணைத் தூக்கிக்கொண்டு அது திரும்பியபோது பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. தூணின் எடை 4 டன்தான் என்று ஒப்பந்ததாரர் சொன்னார். 14 டன் தூக்கும் வண்டி 4 டன்னுக்கு ஏன் தடுமாற வேண்டும்?
— ஒரு தள மேற்பார்வையாளர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: முதலில் எடையைச் சரிபார்த்துவிடுவோம். நீங்கள் தந்திருக்கும் அளவுகளின்படி தூணின் கன அளவு 2 கனமீட்டர். கம்பி கட்டிய கான்கிரீட்டை ஒரு கனமீட்டருக்கு 2.5 டன் என்று கணக்கிடுவது வழக்கம் என்பதால், அந்தத் தூணின் எடை 5 டன். கொக்கி, ஸ்லிங் (சுமையைக் கட்டும் பெல்ட் அல்லது கயிறு), ஷேக்கிள் (இணைப்பு வளையம்) ஆகியவையும் கிரேனுக்குச் சுமைதான். அவற்றையும் சேர்த்தால் உண்மையான சுமை ஒப்பந்ததாரர் சொன்னதைவிடக் கால் பங்குக்கும் மேல் அதிகம். அளவு நாடாவும் ஒரு பெருக்கல் கணக்கும் போதுமான இடத்தில் வாய்ச்சொல்லை நம்புவது நம் தளங்களில் அன்றாடம் நடப்பது. அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

ஆனால் வண்டி தடுமாறியதற்கு எடை மட்டும் காரணமன்று. கிரேனின் மீது எழுதியிருக்கும் 14 டன் என்பது, பூம் (சுமையைத் தூக்கும் நீண்ட கை) முழுவதும் உள்ளிழுக்கப்பட்டு, சுமை முன்சக்கரங்களுக்கு மிக அருகில் தொங்கும் நிலைக்கு மட்டுமே பொருந்தும். கடப்பாரையால் பாறையை நெம்புகிறவருக்கு இந்தக் கணக்கு கைப்பழக்கத்திலேயே தெரியும்: பிடிக்கும் இடம் தள்ளிப் போகப் போக, அதே கையின் வலு பல மடங்காகப் பேசும். 5 டன் தூண் முன்சக்கரத்திலிருந்து 1.5 மீட்டர் தள்ளித் தொங்கினால் அது வண்டியைக் கவிழ்க்க முயலும் அளவு 7.5 டன்-மீட்டர், 3 மீட்டர் தள்ளித் தொங்கினால் 15 டன்-மீட்டர். தூணின் எடை கூடவில்லை, ஆனால் கவிழ்க்கும் திறன் இரண்டு மடங்காகிவிட்டது. ஆகவே கிரேன் எத்தனை டன் என்று கேட்பது பாதிக் கேள்விதான். எவ்வளவு தூரத்தில், பூமின் எந்த நீளத்தில், எந்தக் கோணத்தில் எத்தனை டன் என்பதுதான் முழுக் கேள்வி. அதற்கான விடையைத் தரும் லோட் சார்ட் என்ற அட்டவணை ஆபரேட்டரின் இருக்கைக்கு அருகிலேயே, படிக்கக்கூடிய நிலையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது காரணம் ஹைட்ராவின் உடலமைப்பு. அந்த வண்டி நடுவில் மடங்கித் திரும்புவது. நேராக நிற்கும்போது சுமை இரண்டு முன்சக்கரங்களுக்கும் நடுவே இருக்கும். வண்டி மடங்கியதும் முன்பகுதி ஒரு பக்கமும் பின்பகுதியின் எடை வேறு பக்கமுமாகப் பிரிந்துவிடுவதால், சுமையைச் சமன் செய்யும் எதிரெடை குறைந்துவிடுகிறது. அதனால்தான் திரும்பும் நிலைக்கு லோட் சார்ட்டில் தனியாகக் குறைந்த எடை தரப்பட்டிருக்கும். தரை சற்றே சரிவாக இருந்தால் அந்த எடையும் பொருந்தாது. சுமையோடு நகர வேண்டிய கட்டாயம் இருந்தால், பூமை இயன்றவரை உள்ளிழுத்து, சுமையைத் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயர்த்தாமல், மனிதர் நடக்கும் வேகத்தில் மட்டும் செல்ல வேண்டும்.

இதோடு தொடர்புடைய இன்னொன்றைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. சுமை ஆடாமல் இருப்பதற்காக ஒரு உதவியாளர் அதைக் கையால் பிடித்தபடி வண்டிக்கு முன்னால் நடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பூமும் சுமையும் மறைப்பதால் ஆபரேட்டருக்கு அவர் தெரிவதே இல்லை. அவர் கால் இடறினால் வண்டி அவர் மீது ஏறிய பிறகுதான் மற்றவர்கள் கத்துவார்கள். சுமையின் இரு முனைகளிலும் நீளமான கயிறு கட்டி, பக்கவாட்டில் விலகி நின்று பிடிக்கச் சொல்லுங்கள். கயிற்றின் விலை சில நூறு ரூபாய்தான்.

கேள்வி: 40 டன் கிரேனின் நான்கு ஜாக்கிகளையும் (வண்டியைத் தரையில் ஊன்றும் கால்கள்) முழுவதும் நீட்டி, அடியில் பலகையும் வைத்திருந்தோம். 8 டன் இயந்திரத்தைத் தூக்கிச் சுழற்றியபோது ஒரு ஜாக்கி தரைக்குள் இறங்கிவிட்டது. நல்லவேளையாக சுமையை உடனே கீழே வைத்துவிட்டார்கள். எங்கே தவறினோம்?
— ஒரு சிறு ஒப்பந்ததாரர், பள்ளிக்கரணை

பதில்: உங்கள் ஊரின் பெயரே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி அது; மேலே கிராவல் கொட்டிச் சமன் செய்திருந்தாலும் அடியில் இளகிய களிமண்தான் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். கிரேனின் சொந்த எடை 36 டன், சுமை 8 டன் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 44 டன். இந்த எடை நான்கு ஜாக்கிகளுக்கும் சமமாகப் பங்கிடப்படும் என்று பலரும் நினைக்கிறார்கள். பூம் ஒரு மூலைக்கு நேராகச் சுழலும்போது அந்த ஒரு ஜாக்கி மட்டுமே 30 டன் வரை தாங்க நேரிடலாம். ஜாக்கியின் பாதத்தட்டு அரை மீட்டர் சதுரம் என்றால், அதற்குக் கீழே ஒரு சதுரமீட்டருக்கு 120 டன் அழுத்தம். இளகிய களிமண் பாதுகாப்பாகத் தாங்குவது சதுரமீட்டருக்கு 5 டன் அளவில்தான் இருக்கும். ஒன்றரை மீட்டர் சதுரத்துக்குக் கட்டை அடுக்கினாலும் அழுத்தம் 13 டன்னுக்கு மேல் நிற்கும். அத்தகைய மண்ணில் ஒவ்வொரு ஜாக்கிக்கும் 6 சதுரமீட்டர் பரப்பு தேவைப்படும், அல்லது மண்ணையே வலுப்படுத்த வேண்டும்.

நீங்கள் வைத்த பலகை எவ்வளவு தடிமன் என்று எழுதவில்லை. சாரம் கட்டும் மெல்லிய பலகையாக இருந்தால், ஜாக்கி அழுத்திய நடுப்பகுதி வளைந்து இறங்கும். ஓரங்கள் எந்த எடையையும் வாங்காமல் சும்மா இருக்கும். ரயில் ஸ்லீப்பர் போன்ற தடித்த கட்டைகளை இடைவெளியின்றி அடுக்கி, அதன்மேல் குறுக்காக இன்னொரு அடுக்கு வைத்தால்தான் எடை உண்மையிலேயே பரவும்.

இளகிய மண் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அங்கே நேற்றைக்கு என்ன இருந்தது என்று கேட்டால் தெரிந்துவிடும். பழைய கிணற்றை மூடிய இடம், கழிவுநீர்க் குழாய்க்காகத் தோண்டி மூடிய பள்ளம், மலக்குழி, முந்தைய இரவு பெய்த மழை ஆகியவற்றை அக்கம்பக்கத்தில் பல ஆண்டுகளாகக் குடியிருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். அடித்தளத்துக்காகத் தோண்டிய பள்ளத்தின் ஓரத்திலிருந்து, குறைந்தது அந்தப் பள்ளத்தின் ஆழமளவு தூரமாவது ஜாக்கி தள்ளி நிற்க வேண்டும். மண் இளகியதாக இருந்தால் இன்னும் தள்ளி நிற்க வேண்டும்.

மட்டமும் அதே அளவுக்கு முக்கியமானது. பல கிரேன்களின் கையேடுகள் 1 சதவீதத்துக்கு மேற்பட்ட சாய்வை அனுமதிப்பதில்லை. இது மிகையான கண்டிப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 40 மீட்டர் உயரத்தில் இருக்கும் பூம் முனை, அடியில் ஒரு பாகை சாய்ந்தாலே 70 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும்.

கட்டுமானத்தளம் அல்லாத ஓர் இடத்தையும் இங்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2023 ஜனவரி 22 அன்று ராணிப்பேட்டை மாவட்டம் நெமிலியை அடுத்த கீழ்வீதி கிராமத்தின் கோயில் திருவிழாவில், ஆட்களைச் சுமந்தபடி சமமற்ற தரையில் நகர்ந்த கிரேன் கவிழ்ந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். சுமை தூக்கும் கொக்கியில் மனிதரைத் தூக்கக் கூடாது. ஆளோடு வண்டியை நகர்த்தவும் கூடாது. தளத்தில் வாடகைக்கு ஓடும் அதே வண்டிதான் மறுநாள் திருவிழாவுக்கும் போகிறது என்பதால், வண்டி உரிமையாளர்கள் இதை மறுத்துச் சொல்லும் துணிவைப் பெற வேண்டும்.

கேள்வி: காற்று எந்த வேகத்தை எட்டினால் கிரேனை நிறுத்த வேண்டும்? ஒவ்வொருவரும் ஒவ்வோர் எண்ணைச் சொல்கிறார்கள்.
— ஒரு கட்டடவியல் மாணவி, மதுரை

பதில்: எல்லோரும் வெவ்வேறு எண்ணைச் சொல்வதற்குக் காரணம், எல்லாக் கிரேனுக்கும் எல்லாச் சுமைக்கும் பொருந்தும் ஒற்றை எண் இல்லை என்பதுதான். டவர் கிரேன்களை இயக்கக்கூடிய மேல்வரம்பாக மணிக்கு 72 கிலோமீட்டரைப் பல தயாரிப்பாளர்கள் வைக்கிறார்கள். நீண்ட பூம் கொண்ட நகரும் கிரேன்களுக்கு அந்த வரம்பு ஏறத்தாழ அதில் பாதியாகவே இருக்கும். உங்கள் கிரேனின் கையேட்டில் உள்ளதுதான் உங்களுக்கான வரம்பு. ஆனால் அந்த எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகிறது. 3 மீட்டருக்கு 6 மீட்டர் அளவுள்ள, கான்கிரீட் வார்ப்புக்கான ஷட்டரிங் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றில் அதன் மீது சுமார் 110 கிலோ விசை விழும். 72 கிலோமீட்டரில் சுமார் 450 கிலோ. பலகையின் வடிவத்தைப் பொறுத்து இது மேலும் கூடலாம். அந்த விசை சுமையைக் கீழ்நோக்கி இழுப்பதில்லை, பக்கவாட்டில் தள்ளுகிறது. கிரேனின் பூம் மேலிருந்து கீழாக வரும் எடையைத் தாங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. பக்கவாட்டு இழுப்புக்கு அது மிகவும் பலவீனமானது. ஆகவே, ஒரு டன் எடையுள்ள இரும்புக் கட்டியைத் தயக்கமின்றித் தூக்கும் அதே காற்றில், அரை டன் எடையுள்ள தகரக் கூரையைத் தூக்குவது உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

இதை உலகம் மிகக் கசப்பாகக் கற்றுக்கொண்ட இடம் அமெரிக்காவின் மில்வாக்கி நகரம். 1999 ஜூலை 14 அன்று அங்கே மில்லர் பார்க் பேஸ்பால் அரங்கத்தின் கூரைப் பகுதி ஒன்றை, "பிக் ப்ளூ" என்று அழைக்கப்பட்ட மிகப் பெரிய கிரேன் தூக்கிக்கொண்டிருந்தது. கூரைப் பகுதியின் எடை 400 டன்னுக்கும் மேல். கிரேன் சரிந்தபோது, வேறொரு கிரேனின் கூண்டில் உயரே நின்றிருந்த மூன்று எஃகுத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அன்று வீசியது புயலன்று. நம் ஊரில் ஆடி மாதத்தில் வீசுவது போன்ற காற்றுதான். கிரேனின் மீது காற்று எவ்வளவு விசை தரும் என்று பார்த்தவர்கள், பாய்மரம் போல விரிந்திருந்த அந்தக் கூரையின் மீது அது தரும் விசையைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது பின்னர் வெளிப்பட்டது.

அடுத்து, வேகத்தை எங்கே அளக்கிறோம் என்பது. திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் அளக்கும் வேகத்தைவிட 100 மீட்டர் உயரத்தில் வேகம் ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதலாக இருக்கும். விசை என்று பார்த்தால் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு. கீழே நிற்கும் பொறியாளரின் சட்டை அசையாமல் இருக்கும்போதே உச்சியில் ஆபரேட்டர் தடுமாறிக்கொண்டிருக்கலாம். எனவே காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டர் கிரேனின் உச்சியில் இருக்க வேண்டும்; அது காட்டும் சராசரியைவிடத் திடீரென்று வீசும் வேகத்தையே கவனிக்க வேண்டும்.

வேலை செய்யாத நேரத்துக் காற்று இன்னொரு பெரிய விஷயம். டவர் கிரேனைப் பூட்டி நிறுத்துவதுதான் பாதுகாப்பு என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர் எதிரானது. வேலை முடிந்ததும் சுழற்சித் தடையை விடுவித்துவிட வேண்டும். அப்போதுதான் ஜிப் என்னும் கிரேனின் நீண்ட கை, காற்றுக் காட்டியைப் போலத் தானே திரும்பி, காற்றுக்குக் குறைந்த பரப்பைக் காட்டும். கட்டி வைத்த கிரேனோ முழுக் காற்றையும் மார்பில் வாங்கும். இதே காரணத்தால்தான் ஜிப்பில் பெரிய விளம்பரப் பதாகைகளையும் தலைவர்களின் படங்களையும் கட்டுவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். தயாரிப்பாளர் அனுமதித்த பரப்புக்கு மேல் ஒரு துணி கூட அங்கே தொங்கக் கூடாது.

நகரும் கிரேன்களுக்கோ நீண்ட பூமைத் தரைக்கு இறக்கி வைப்பதுதான் வழி. 2015 செப்டம்பர் 11 அன்று மக்காவின் பெரிய பள்ளிவாசலில் விரிவாக்கப் பணிக்காக நிறுத்தியிருந்த ராட்சத கிரேன், இடியோடு கூடிய சூறைக்காற்றில் சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களுள் இந்தியர்களும் இருந்தார்கள். பயன்பாட்டில் இல்லாத நேரத்தில் பூம் இறக்கப்படாமல், கையேட்டுக்கு மாறாக உயர்த்தியே வைக்கப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். புயல் எச்சரிக்கை நமக்கு நாள் கணக்கில் முன்கூட்டியே கிடைக்கிறது. கோடை இடிமழைக்கு முன் வரும் காற்றுக்கோ சில நிமிட அவகாசம்தான் இருக்கும். அதனால் ஏப்ரல், மே மாதங்களின் பிற்பகல்களில் அகலமான சுமைகளைத் தூக்கும் வேலையைக் காலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

கேள்வி: சுமை தூக்கும் துணி பெல்ட்டில் சிறு கிழிசல் இருந்தால் தைத்துப் பயன்படுத்தலாமா? நிறங்களுக்குப் பொருள் உண்டா?
— ஒரு ரிக்கர் (சுமை கட்டுபவர்), ஒசூர்

பதில்: தைக்கக் கூடாது. கிழிசல் கண்ட பெல்ட்டை இரண்டாக வெட்டிப் போட்டுவிடுங்கள். வெட்டாமல் மூலையில் எறிந்தால் அவசரத்துக்கு வேறு யாராவது எடுத்துவிடுவார்கள்.

நிறங்களுக்குப் பொருள் உண்டு. ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன், சாம்பல் 4 டன், சிவப்பு 5 டன். இது நேராகத் தொங்கவிடும்போது மட்டும். பெல்ட்டைச் சுமையின் மீது சுருக்குப் போட்டு இறுக்கினால் திறன் 80 சதவீதமாகக் குறையும். இரண்டு கால்களாக விரித்துக் கட்டினால் கோணம் முக்கியமாகிறது. 2 டன் சுமையை இரண்டு கால்களில், கிடைமட்டத்துக்கு 60 பாகையில் கட்டினால் ஒவ்வொரு காலிலும் 1.15 டன் இழுவை வரும். 45 பாகையில் 1.41 டன், 30 பாகையில் ஒவ்வொரு காலுமே முழு 2 டன்னைத் தாங்க வேண்டும். கூரை தாழ்வாக இருக்கிறது என்று பெல்ட்டைச் சப்பையாகக் கட்டும் இடங்களில்தான் அது அறுகிறது. இரும்பின் கூர்முனை படும் இடத்தில் பழைய டயர்த் துண்டையாவது வையுங்கள். கம்பிக் கயிற்றைப் பொறுத்தவரை, அதன் விட்டத்தின் எட்டு மடங்கு நீளத்துக்குள் மொத்த இழைகளில் பத்து சதவீதத்துக்கு மேல் அறுந்திருந்தால் பயன்படுத்தக் கூடாது என்று 1998ஆம் ஆண்டின் மத்திய கட்டுமானத் தொழிலாளர் விதிகள் வகுத்தன. 20 மில்லிமீட்டர் கயிறு என்றால் ஒரு சாணுக்கும் குறைவான நீளம் அது. வெறுங்கையால் தடவிப் பார்க்காதீர்கள். துணியைச் சுற்றி இழுத்தால், அறுந்த இழை அதில் மாட்டிக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: நான் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். இங்கே சிறிய சுமைக்கும் எழுத்தில் திட்டம் கேட்கிறார்கள். டவர் கிரேனை உயர்த்தும் நாளிலோ தளத்தில் யாரையும் அருகே விடுவதில்லை. அவ்வளவு ஆபத்தா?
— சிங்கப்பூர் வாசகர்

பதில்: ஆம். சிங்கப்பூரின் கிரேன் இயக்க விதிகள் 2011இல் வந்தவை. ஒவ்வொரு முறை சுமையைத் தூக்குவதற்கும் திட்டம் வேண்டும், அதற்கென ஒரு மேற்பார்வையாளரும் ரிக்கரும் சைகை காட்டும் சிக்னல்மேனும் நியமிக்கப்பட வேண்டும் என்பது அங்கே சட்டம். யார் பொறுப்பு என்பது வேலை தொடங்கும் முன்பே தாளில் இருந்துவிடுகிறது. நம் தளங்களுக்கு நீங்கள் திரும்பி வரும்போது அந்தப் பழக்கத்தையும் உடன் கொண்டுவாருங்கள்.

டவர் கிரேன் தன் இயல்பான வேலையில் இருக்கும்போது அதன் உறுப்புகள் அனைத்தும் பிணைக்கப்பட்டிருக்கும். நிறுவும்போதும், உயர்த்தும்போதும், கழற்றும்போதும் அந்தப் பிணைப்பு தற்காலிகமாகத் தளர்கிறது. 2008 மார்ச் 15 அன்று நியூயார்க்கில் ஒரு டவர் கிரேனைக் கட்டடத்தோடு பிணைக்கும் பல டன் எஃகு வளையத்தை, பாலியஸ்டர் பெல்ட்டுகளால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவற்றுள் ஒன்று முன்பே தேய்ந்தது. பெல்ட்டுகள் அறுந்து, விழுந்த வளையம் கீழேயிருந்த பிணைப்பையும் உடைத்தது. கிரேன் சாய்ந்து, ஒரு வீட்டுக்குள் இருந்தவர் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். 2019 ஏப்ரல் 27 அன்று சியாட்டிலில் கிரேனைக் கழற்றியவர்கள், வேலை விரைவாக முடியும் என்று கோபுரத்தின் பல அடுக்குகளை இணைக்கும் ஊசிகளையும் ஒரே நேரத்தில் உருவிவிட்டார்கள். அடுத்து வீசிய காற்றில் கோபுரம் துண்டுகளாக உதிர்ந்தது. நான்கு பேர் இறந்தார்கள்; இருவர் சாலையில் காரில் சென்றுகொண்டிருந்தவர்கள். இரண்டு விபத்துகளிலும் இயந்திரம் பழுதடையவில்லை, கையேட்டில் இருந்த வழிமுறைதான் மீறப்பட்டது.

கேள்வி: எங்கள் மனைக்கு மேலே 11 கேவி மின்கம்பி போகிறது. எவ்வளவு விலகி கிரேனை நிறுத்தலாம்?
— ஒரு வீட்டு உரிமையாளர், நாமக்கல்

பதில்: மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்வதுதான் முதல் வழி. அது இயலாதபோது, பூமின் எந்தப் பகுதியும், கயிறும், சுமையும் கம்பியிலிருந்து 3 மீட்டருக்குள் எந்நிலையிலும் வரக் கூடாது; 50 கேவி வரையிலான கம்பிகளுக்கு அமெரிக்க விதிகளும் இந்த 10 அடியைத்தான் வலியுறுத்துகின்றன. கம்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆளை நிறுத்துங்கள். கம்பியில் பட்டுவிட்டால் ஆபரேட்டர் இருக்கையைவிட்டு இறங்கக் கூடாது. மற்றவர்கள் வண்டியைத் தொடாமல் 10 மீட்டருக்கு அப்பால் விலக வேண்டும். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமானால், வண்டியையும் தரையையும் ஒருசேரத் தொடாமல் இரண்டு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைத் தூக்காமல் நகர்ந்து விலக வேண்டும்.

கேள்வி: வாடகைக்கு வரும் கிரேனிடம் என்ன தாள்களைக் கேட்க வேண்டும்?
— ஒரு இளம் பொறியாளர், திருச்சி

பதில்: தகுதி பெற்ற நபர் சோதித்துத் தந்த சான்றிதழ், காப்பீடு, வண்டிப் பதிவு, ஆபரேட்டரின் உரிமமும் மருத்துவச் சான்றும், அந்த மாடலுக்கே உரிய லோட் சார்ட். முழுமையான ஆய்வு 12 மாதங்களுக்கு ஒருமுறையும், சுமைச் சோதனை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும் நடக்க வேண்டும் என்று மேலே சொன்ன 1998ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. தேதியை மட்டும் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். சான்றிதழில் உள்ள வரிசை எண்ணும் வண்டியில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஒரே சான்றிதழின் நகல் மூன்று வண்டிகளோடு சுற்றி வந்ததை நானே பிடித்திருக்கிறேன். பிறகு, ஆபரேட்டரிடம் லோட் சார்ட்டைக் கொடுத்து, இன்றைய சுமைக்கு எந்தக் கட்டத்தைப் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் விரலை வைக்கும் இடம், எந்த உரிமத்தையும்விடத் தெளிவாக அவரது பயிற்சியைச் சொல்லிவிடும்.

கேள்வி: என் கணவர் சென்னையில் டவர் கிரேன் ஆபரேட்டர். காலை ஆறு மணிக்கு ஏறினால் மாலை ஆறு மணிக்குத்தான் இறங்குகிறார். சில நாள் இரவும் இருக்கச் சொல்கிறார்கள். அலாரம் அடித்தாலும் சாவியைத் திருப்பிவிட்டுத் தூக்கு என்கிறார்களாம். மறுத்தால் வேறு ஆளை ஏற்றுவோம் என்கிறார்களாம். ஏதாவது நடந்தால் ஆபரேட்டரின் தவறு என்றுதானே செய்தியில் வரும்?
— பெரம்பலூரிலிருந்து ஒரு சகோதரி

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தை நான் பலமுறை படித்தேன். உங்கள் கடைசி வரியில் இருக்கும் அச்சம் முற்றிலும் நியாயமானது. உயரத்தில் ஒருவர் தனியாக அமர்ந்திருக்கிறார். பிடி அவர் கையில் இருக்கிறது. அதனால் பழியும் அவர் தலையில் விழுகிறது. ஆனால் எடையைச் சொன்னவர், கொக்கியில் மாட்டியவர், சைகை காட்டியவர், நேரத்தை நெருக்கியவர் ஆகிய நால்வரும் கீழே நிற்கிறார்கள்.

பன்னிரண்டு மணி நேரம் என்பது தாங்கக்கூடியதன்று. மே மாத வெயிலில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பவருக்கு உடல் வறண்டு, கவனம் சிதறும். பல ஆபரேட்டர்கள் கழிப்பறைக்காகக் கீழே இறங்கி ஏற வேண்டுமே என்று தண்ணீரையே குறைத்துக் குடிக்கிறார்கள். இது அவர்களாக ஏற்ற பழக்கமன்று, நிர்வாகம் செய்த ஏற்பாட்டின் குறை. கூண்டில் குளிர்சாதனமும், நடுவே மாற்றி அமர இரண்டாவது ஆபரேட்டரும் இருக்க வேண்டும் என்று கேட்பது சலுகையன்று. கட்டடத்தின் மறுபக்கத்தில் சுமையைக் காணாமலேயே, வாக்கி-டாக்கியில் கேட்கும் குரலை மட்டும் நம்பி அவர் இறக்க வேண்டியிருக்கும். அந்தக் குரல் ஒருநாள் தமிழிலும் மறுநாள் இந்தியிலும் ஒடியாவிலும் வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு சுமையைத் தூக்குவதற்கு ஒரே சிக்னல்மேன், இருவருக்கும் பொதுவான பத்துச் சொற்கள், "நிறுத்து" என்பதை மட்டும் யார் சொன்னாலும் உடனே நிறுத்துவது ஆகியவை கட்டாயமாக இருக்க வேண்டும்.

பாதுகாப்புத் தடையை நீக்கும் சாவியைத் திருப்பச் சொல்வது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தளத்தில், அதிகச் சுமையை எச்சரிக்கும் ஒலிப்பெட்டியில் துணி திணித்திருந்ததை நான் பார்த்தேன். "அது சும்மா கத்திக்கிட்டே இருக்கும் சார்" என்றார் அந்த இளைஞர். சோதித்தபோது, அந்தக் கருவி சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் அது உண்மையைச் சொல்லியிருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் தப்பியிருந்தார். அப்படித் தப்பியதையே அனுபவம் என்று அவருக்குக் கற்பித்திருந்தார்கள். அந்தச் சாவி, சோதனையின்போது பொறியாளர் பயன்படுத்துவதற்காக உள்ளது. அது பாதுகாப்பு அலுவலரிடம் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். கூண்டில் தொங்கக் கூடாது.

உங்கள் கணவர் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். கிரேனுக்கென ஒரு தினசரிப் பதிவேடு இருக்கும். இல்லையென்றால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளட்டும். ஏறிய நேரம், இறங்கிய நேரம், காற்றின் வேகம், அலாரம் அடித்த நேரம், தூக்கச் சொன்னவரின் பெயர் ஆகியவற்றை அன்றன்றே எழுதி, பாதுகாப்பு அலுவலரிடம் கையெழுத்துக் கேட்கட்டும். கையெழுத்து மறுக்கப்பட்டால் அதையும் எழுதட்டும். வரம்பை மீறித் தூக்கச் சொன்னால், "எழுதிக் கொடுங்கள், தூக்குகிறேன்" என்று சொல்லாமல், "சார்ட்டில் இடமில்லை, தூக்க முடியாது" என்றே சொல்லட்டும். எழுதிக் கொடுத்த தாள் கயிறு அறுவதைத் தடுக்காது. உடன் வேலை செய்யும் ஆபரேட்டர்கள் எல்லோரும் இதே சொல்லைச் சொன்னால், மாற்றி ஏற்ற வேறு ஆள் கிடைக்க மாட்டார். தளத்துக்குள் தீர்வு இல்லையென்றால், தமிழ்நாடு அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு நீங்களே கடிதம் எழுதலாம். கடிதத்தில் தளத்தின் முகவரியையும், அவர் எழுதி வைத்த பதிவேட்டிலிருந்து தேதியும் நேரமும் கொண்ட மூன்று நான்கு பதிவுகளையும் சேர்த்து, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.